சுவரோரம் சாய்ந்த முருங்கையை இருவராக வெட்டி இறக்குவது

இருபதடி உயரம், அடியில் ஓரடி குறுக்களவு, மதில் பக்கம் சாய்ந்து நிற்கும் முருங்கை. அப்பாவும் வளர்ந்த பிள்ளையுமாக ஒரே காலையில் இதை இறக்கிவிடலாம். மின்கம்பி கிளையைத் தொட்டாலோ பக்கத்தில் போனாலோ தொடவே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வேலை.

வேண்டியவை: வளைந்த கைரம்பம், நீளக் கம்பில் கட்டிய ரம்பம், வெட்டரிவாள், கடப்பாரை, தானாக நிற்கும் மடக்கு ஏணி, 12 மி.மீ. நைலான் கயிறு 60 அடி. பெட்ரோல் ரம்பம் இதற்குத் தேவையில்லை. முருங்கைக் கட்டை பஞ்சுபோல ஈரம் குடித்தது, கைரம்பமே வழுக்கிக்கொண்டு இறங்கும். பிசினும் தூளும் பல்லில் அடைத்தால் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

மழை விட்டுப் பத்து நாளாவது போகட்டும். மழைக்காலத்தில் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும், முழுக்கைச் சட்டை கட்டாயம். பிறகு அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டுங்கள். ‘டொம்’ என்று கேட்டால் உள்ளே பொந்து. அந்த மரத்தை ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மரம் எப்படி இருந்தாலும் ஏறாதீர்கள், ஏணியைக் கிளையில் சார்த்தாதீர்கள். முருங்கை வளைந்து எச்சரிக்காது, படக்கென்று முறியும்.

பெரும்பாலோர் சறுக்குவது கிளை கழிக்கும் வரிசையில்தான். கைக்கு எட்டுகிறதே என்று தோட்டத்துப் பக்கக் கிளைகளை முதலில் கழித்துவிடுவார்கள். மீதி பாரம் முழுவதும் மதில் பக்கம் சேர்ந்து, மரம் அங்கேதான் விழும். மாற்றிச் செய்யுங்கள். மதில் பக்கக் கிளைகளை நுனியிலிருந்து இரண்டிரண்டு அடியாகத் தரையில் நின்றே கம்பு ரம்பத்தால் நறுக்குங்கள். தோட்டத்துப் பக்கக் கிளைகளை விட்டுவையுங்கள், அந்தப் பாரமே மரத்தை உள்பக்கம் இழுக்கும். பக்கத்து வீட்டில் முன்பே சொல்லி, மதிலோரம் இருக்கும் தொட்டி, வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள்.

தடித்த கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு இரண்டங்குலம் வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியில் மிஞ்சிய முண்டு. முதல் வெட்டை விட்டுவிட்டால் பட்டை தண்டு வரை கிழிந்து, கிளை உங்கள் மேலேயே திரும்பும்.

அடுத்து கயிறு. ஏணியில் நின்று, மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், கிளையில் அல்ல, தண்டில் கட்டுங்கள். பிள்ளை முப்பதடியாவது தள்ளி நிற்க வேண்டும். இடம் போதாவிட்டால் தென்னையிலோ கிணற்றுத் தூணிலோ ஒரு சுற்று போட்டு, விழும் திசைக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. பதினைந்து வயதுக்குக் கீழ் என்றால் கயிறு வேண்டாம். வாசலில் நின்று ஆள் வராமல் பார்ப்பதும், ‘நில்லு’ என்று கத்துவதும் அவர்கள் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் ரம்பம் அந்த நொடியே நிற்க வேண்டும்.

தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், விழ வேண்டிய பக்கம் மூன்றங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள். பின்பக்கம், அந்த ஆப்பு வெட்டின் அடிமட்டத்தைவிட இரண்டங்குலம் மேலே அறுக்கத் தொடங்குங்கள். நடுவில் இரண்டங்குலம் அறுக்காமல் விடுங்கள், திசை காட்டும் கீல் அதுதான். வேறு மரத்துக்கு ஓரங்குலம் போதும், முருங்கை நாருக்குப் பத்தாது. அதுவரை கயிறு தொய்யாமல் இருந்தால் போதும். முன்னாலேயே பலமாக இழுத்தால் கயிறு கட்டிய இடத்தில் தண்டு முறியும். ‘இழு’ என்றதும் சீராக இழுக்கட்டும், அறுத்தவர் மூலைவாட்டில் பின்னால் விலகிவிட வேண்டும்.

மூன்றடி முண்டை ஏன் விட்டோம்? நெம்ப. சுற்றி இரண்டடி ஆழம் தோண்டி, பக்கவேர்களை அறுத்து, முண்டை முன்னும் பின்னும் ஆட்டினால் மூலவேர் தளரும்.

பிற்சேர்க்கை: மதில் கடைக்காலை ஒட்டி மரம் இருந்தால் தோண்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மண் இளகி மதில் சாயும். முண்டைத் தரைமட்டத்துக்கு அறுத்து, பட்டையை உரித்துவிட்டு, துளிர் வர வர இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிள்ளி எறியுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள், மண் கெடும்.

மணிக்கட்டுத் தடிமனில் மூன்றடிக் கொம்பு இரண்டை எடுத்து வையுங்கள். மதிலுக்குப் பத்தடி தள்ளி ஊன்றினால் துளிர்த்துவிடும்.