கவுன்சில் வீட்டு வாடகை நிலுவையும் மற்றக் கடன்களும்: எதை முதலில் கட்டுவது?

கடன் முற்றிய வீட்டில் அதிகம் சத்தம் போடுவது கிரெடிட் கார்ட் கம்பனிதான். நாளுக்கு நாலு தரம் போன் வரும். வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சிலோ, ஹவுசிங் அசோசியேஷன் என்ற லாப நோக்கற்ற வீட்டு அமைப்போ அமைதியாக ஒரு கடிதம் போட்டுவிட்டு இருக்கும். கையில் இருக்கிற காசு சத்தம் போடுகிறவருக்கே போகிறது. ஆனால் இங்கிலாந்தில் கார்ட் கட்டாவிட்டால் கிரெடிட் ரேட்டிங் கெடும், வழக்கும் வரலாம். வாடகை கட்டாவிட்டால் வீடே போகும்.

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். வாடகை, கவுன்சில் டாக்ஸ், காஸ், கரண்ட், டிவி லைசன்ஸ், நீதிமன்ற அபராதம் எல்லாம் முதல் பட்டியல். கிரெடிட் கார்ட், ஓவர்டிராஃப்ட், கேட்டலாக்கில் தவணைக்கு வாங்கியது, வங்கிக் கடன், தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் இரண்டாவது. முதல் பட்டியலுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவதைத்தான் இரண்டாவதுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மாதம் ஒரு பவுண் என்றாலும் சரி. வரவு செலவுக் கணக்கை எழுதி அனுப்பினால் பல கம்பனிகள் ஏற்றுக்கொள்ளும்.

வாடகை நிலுவை பல வீடுகளில் ஊதாரித்தனத்தால் வருவதில்லை, பெருக்கல் பிழையால் வருகிறது. வாடகை வாரக் கணக்கு, சம்பளமும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையும் மாதக் கணக்கு. வாரம் 120 பவுண் என்றால் நாலால் பெருக்கி மாதம் 480 கட்டுவார்கள். சரியான கணக்கு 120 × 52 ÷ 12, அதாவது 520. மாதம் 40 குறைந்தால் வருடத்தில் 480 பவுண், நாலு வார வாடகை நிலுவையில் நிற்கும். சில இடங்களில் வருடத்தில் சில வாரங்களுக்கு வாடகை இல்லை. அங்கே 52க்குப் பதிலாக வாடகை உள்ள வாரங்களின் எண்ணிக்கையைப் போடுங்கள்.

இன்னொரு ஓட்டை ஏப்ரலில் விழும். வாடகை கூடியதும் யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் புதிய தொகையை நீங்களே உறுதிசெய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பழைய வாடகைக்குத்தான் காசு வரும். புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு முதல் காசு வர ஏறத்தாழ ஐந்து வாரம் எடுக்கும். அதற்குள் முன்பணம் எடுத்தால் அதுவும் கடன்தான், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டால் வாடகை உதவியில் 14 சதவீதமும், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25 சதவீதமும் குறையும். அந்த இடைவெளிக்குக் கவுன்சிலிடம் மேலதிக வீட்டு உதவி கேட்கலாம், தானாக வராது. கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

சீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மானப் பிரச்சினை என்று வாடகையை நிறுத்திச் சீட்டுக் காசு கட்டுகிறவர்கள் உண்டு. கழிவு போக எடுத்த சீட்டின் மீதித் தவணை கடன்தான். கடன் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டுக் காசு மொத்தமாக வங்கியில் கிடந்தால் அது சேமிப்பாக எண்ணப்படும்: 6,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் குறையும், 16,000ஐத் தாண்டினால் நிற்கும்.

நிலுவை விழுந்துவிட்டால் கடிதத்துக்குக் காத்திராமல் வாடகைப் பிரிவுக்கு நீங்களே போன் எடுங்கள். நடப்பு வாடகையோடு வாரம் எவ்வளவு கூடுதலாகக் கட்ட ஏலும் என்று சொல்லுங்கள். வாரம் 10 பவுண் என்றால் 600 பவுண் நிலுவை 60 வாரத்தில் தீரும். வாய்க்கு வந்தபடி 50 என்று சொல்லி மூன்றாம் வாரமே தவறுவதைவிட 5 என்று சொல்லித் தவறாமல் கட்டுவது நல்லது. கதைத்ததை அன்றே ஈமெயிலில் எழுதி அனுப்புங்கள். ஒப்புக்கொண்டபடி கட்டி வருகிறவர்மேல் வழக்குப் போடுவதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது வழக்குக்கு முந்திய நடைமுறை விதி. மொழி தடை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை வைத்துக் கதைக்க வேண்டாம், பிள்ளைக்குக் கடன் கணக்கு தெரியத் தேவையில்லை.

வீட்டைத் திரும்ப எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தால் அந்த நாளிலிருந்தே, வருமானம் எவ்வளவானாலும், அரசு செலவில் சட்ட ஆலோசனை பெறலாம். 2023 ஆகஸ்டில் வந்த ஏற்பாடு இது. நீதிமன்ற நாளில் கட்டாயம் போங்கள். போகாதவருக்காகப் பேச அங்கே ஆள் இருக்காது.

எல்லாக் கடனும் ஒன்றாக நெருக்கினால் 'பிரீதிங் ஸ்பேஸ்' கேட்கலாம். கடன் ஆலோசகர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். 60 நாளைக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும், ஆனால் நடப்பு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிதாகச் சொத்து இல்லாதவருக்குக் கடனைத் தள்ளுபடி செய்யும் கடன் நிவாரண ஆணை, டிஆர்ஓ, இருக்கிறது. மொத்தக் கடன் 50,000 பவுணுக்கு மேல் போகக்கூடாது, செலவு போக மாதம் 75க்கு மேல் மிஞ்சக்கூடாது. 2024 ஏப்ரலிலிருந்து இதற்குக் கட்டணம் இல்லை. வாடகை நிலுவையையும் இதில் சேர்க்கலாம், ஆனால் ஆணை இருந்தாலும் அந்த நிலுவைக்காக வீட்டுக்காரர் வீட்டைக் கேட்க முடியும். இதைத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் இலவசமாகக் கடன் ஆலோசனை தரும். போகும்போது கடைசி மூன்று மாத வங்கி அறிக்கை, வாடகைக் கணக்கு அறிக்கை, பெனிஃபிட் கடிதங்கள், பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். பிரிக்காமலே கொண்டுபோனாலும் அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.