லினக்ஸ் கண்காட்சி வைக்கிறீர்களா? கண்ணாடிப் பெட்டியை முதலில் தூக்கிவிடுங்கள்

தருமபுரியில் ஒரு மண்டபத்தில் முதன்முதலாக லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம்) போன்ற கட்டற்ற மென்பொருள்களின் கண்காட்சி வைத்தபோது, நடு மேசையில் மூன்று புத்தம்புது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். கீழே நீல விளக்கு வேறு. வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், "என்ன விலைங்க?" என்று கேட்டார்கள், நகர்ந்துவிட்டார்கள். மூலையில் நண்பர் ஒருவர் வருகைப் பதிவுக்காகத் தன் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். மூடியில் இருந்த முத்திரை பாதி உரிந்திருந்தது. ஒரு கீல் உடைந்துபோனதால் திரைக்குப் பின்னால் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார். மதியத்துக்கு மேல் கூட்டம் முழுக்க அங்கேதான். "இதே மாதிரி ஒண்ணு எங்க வீட்ல பரண் மேல கிடக்குதுங்க, இதுல எப்படி இவ்வளவு சுருக்கா ஓடுது?"

தகடூர்க்காரர்களான (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) நாங்கள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். தகடூர் மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை அந்தத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். உன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, மாலை போட்டு அழகாகத்தான் இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். எங்கள் கண்ணாடிப் பெட்டி தொண்டைமான் கட்சி. செங்கல் முட்டுக்கொடுத்த லேப்டாப் அதியமான் கட்சி.

அதற்குப் பிறகு தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலுமாகப் பல முறை மேசை போட்டாயிற்று. செய்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு தவறின் பிள்ளைகள்தான். வருகிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல், நம் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்ததால் வந்தவை.

இப்போது வீடுகளில் இருப்பது என்ன? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் இந்த வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கின்றன. 2011இல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் வகை அது. அந்தப் பக்கமே போகாமல் லேப்டாப்பை ஓய்த்துவிட்டவர்கள்தான் எங்களிடம் வந்தவர்களில் அதிகம். கண்காட்சி இவர்களுக்கானது.

ஆனால் பழசு என்றால் எதுவும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய செயலியைக் கொண்டுவந்து வைத்தால் பதில் சொல்ல முடியாமல் போகும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் அதற்கான நிறுவியே கிடையாது. 2 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைச் சூழல் இலேசாக ஓடும். உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எங்களிடம் ஒருமுறை ஒரு கல்லூரி ஆய்வகப் பணியாளர் வந்தார். ஒரே மாடல் லேப்டாப் இரண்டை அருகருகே வைத்து, ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ் என்று ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தோம். அவர் இரண்டையும் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். "இதுல ஹார்ட் டிஸ்க் சுத்துது, அதுல சத்தமே இல்ல. எஸ்எஸ்டி போட்டிருக்கீங்க. வேகம் அதோடதா, லினக்ஸோடதா?" பதில் இல்லை. ஒப்பிட்டுக் காட்டுவதானால் இரண்டிலும் ஒரே வட்டு, ஒரே ரேம் இருக்கட்டும். வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். பரவாயில்லை, தெரிகிற அளவு உண்மையானது.

இலவசம் என்ற சொல்

பேனரில் 'இலவச மென்பொருள் கண்காட்சி' என்று அடித்தோம். நம் ஊரில் இலவசம் என்றால் கையில் ஒரு பொருள் கிடைக்க வேண்டும். ஒரு அம்மா டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர் ரேஷன் கார்டு நகலோடு வந்தார். சிரிப்பதற்கு இல்லை, தப்பு எங்கள் மேல். 'கட்டற்ற' என்று போடுங்கள். புரியாதே என்று தயங்க வேண்டாம், புரியாமல் கேட்கிறவரிடம்தான் பேச்சே ஆரம்பிக்கிறது. சமையல் குறிப்பை உதாரணம் சொல்வேன். குழம்பைக் காசுக்கு விற்கலாம், ஆனால் குறிப்பை மறைக்கக் கூடாது. வாங்கியவர் புளியைக் கூட்டலாம், குறைக்கலாம், பக்கத்து வீட்டுக்குச் சொல்லித் தரலாம். அப்புறம், 2001இலிருந்து ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் விஎல்சி வீடியோ இயக்கி அவர்கள் கணினியிலேயே இருக்கும் என்று காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஏற்கெனவே தன் வீட்டில் இருப்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

தமிழ் வராத மேசை

இதை நாங்கள் கடைசி நாள் இரவில் நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். நிறுவிய கணினியில் எழுத்துரு இருந்தது, தட்டச்சு இல்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்புகளைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு இரண்டும் வந்துவிடும். இரண்டையும் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தவர் தமிழ்99 கேட்பார், பள்ளிப் பிள்ளைகள் போனில் பழகியபடி 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். தமிழ்99 விசைப்பலகைப் படத்தை அச்சிட்டு மேசையிலேயே ஒட்டிவிடுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அந்த இரண்டு விசைப்பலகைகளையும் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. தன் பெயரைத் தன் மொழியில் அடித்துப் பார்த்தவர் மேசையை விட்டு நகர மாட்டார்.

இன்னொரு பொறி இருக்கிறது. யாராவது பென்டிரைவில் ஒரு பழைய கோப்பைக் கொண்டுவருவார். அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில் ஔவையார் எழுத்துருவில் அடித்த மனு அது. லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். "லினக்ஸ்ல தமிழ் தெரியாதுங்க" என்று சுற்றியிருக்கும் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கோப்பு எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸிலும்கூட, அப்படித்தான் தெரியும். இதை வாயால் விளக்கினால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கட்டற்ற மாற்றிகள் உண்டு. இணையம் இல்லாமல் ஓடும்படி ஒன்றைத் தயாராக வைத்து, அங்கேயே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். சங்க கால ஔவையும் எழுத்துரு ஔவையாரும் ஆக, எங்கள் ஊர்க் கண்காட்சியில் ஔவைக்கு இரண்டு இடம்!

கரண்ட்

மண்டபத்துக்காரர் "கரண்டுக்குக் குறையே இல்லைங்க" என்பார். நம்பாதீர்கள். முதல் நாளே போய் எந்தெந்த பிளக் ஒரே லைனில் இருக்கிறது, எர்த் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். லேப்டாப் ஒன்று 65 வாட், ப்ரொஜெக்டர் 300 வாட் என்று நாம் கூட்டிப் பார்த்து வைத்திருப்போம். காலை 11 மணிக்கு டீ போடுகிறவர் இண்டக்ஷன் அடுப்பை அதே பெட்டியில் சொருகுவார், அது ஒன்றே 2000 வாட். எங்களுக்கு அப்படித்தான் மெயின் விழுந்தது. மின்வாரியம் துணைமின் நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் நிறுத்தும் நாள்களை முன்கூட்டி அறிவிக்கும். தேதி குறிப்பதற்கு முன் அதையும் விசாரியுங்கள்.

பழைய லேப்டாப்புகளில் பேட்டரி செத்திருக்கும் என்பதால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் எல்லாம் அணைந்துவிடும். ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் மூன்று லேப்டாப்பைத் தாக்குப்பிடிக்கலாம். ராஸ்பெரி பை இன்னும் நோஞ்சான். பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், பை 5க்கு 5 ஆம்பியர் அடாப்டர். கையில் கிடைத்த போன் சார்ஜரைச் சொருகினால் திரை ஓரத்தில் மின்னல் குறி வரும், அப்புறம் காரணமே தெரியாமல் தொங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெடவும் வாய்ப்புண்டு. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பமைப்பை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை அணைந்தாலும் காலையில் வைத்தபடியே எழும். பிள்ளைகள் மாற்றிவைத்த வால்பேப்பரும் தானாகப் போய்விடும், அது கூடுதல் லாபம். நகல் கார்டு ஒன்றும், மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் இரண்டும் பையில் இருக்கட்டும். பை 4இலும் 5இலும் இருப்பது அந்தச் சின்ன வாய்தான்; ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் பெரிய வாய் கேபிளைத்தான் நீட்டுவார்கள்.

இணையத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி, ஒரு ரவுட்டர் வழியாக அறைக்குள் பகிர்ந்தால், சிம் இல்லாத போனிலும் படிக்கலாம். இணையம் இல்லாமலே இது ஓடுகிறது என்பதே ஒரு காட்சிப்பொருள்.

அடுத்தவர் கணினியில் கை வைப்பது

எனக்கு இன்றும் உறுத்துவது இது. பள்ளி முடித்த பையன் ஒருவன் லேப்டாப் கொண்டுவந்தான். "எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ் போடுங்கண்ணா" என்றான். போட்டோம். சாயந்திரம் அவன் அக்கா வந்தாள். அது அவள் லேப்டாப். நர்சிங் படிப்பின் புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டி இரண்டு நாளில் பாதிக்கு மேல் மீட்டோம். அது கோப்பை மீட்கும், பெயரை மீட்காது. எண்களாகக் கிடந்த நூற்றுக்கணக்கான கோப்புகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தாள்.

கண்காட்சி நாளில் யார் வட்டிலும் எழுதாதீர்கள். வட்டில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் யூஎஸ்பியில் ஓட்டிக் காட்டுங்கள், திரை, ஒலி, வைஃபை எல்லாம் வேலை செய்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். புது லேப்டாப்புகளில் அதுகூடக் கவனம். வட்டை மறையாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கும்போது செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பை மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவி கேட்டு நிற்கும். 48 இலக்கச் சாவி. எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாது. பென்டிரைவ்களையும் சோதித்துவிட்டு வாருங்கள். 64 ஜிபி என்று எழுதி உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகளை எஃப்3 என்ற கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

கடைக்காரர்கள் கணக்கு மென்பொருளான டேலியைக் கேட்பார்கள். லினக்ஸில் அது நேரடியாக ஓடாது, அதை வைத்துத்தான் பிழைப்பு என்றால் விண்டோஸை எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவோம். அப்படிச் சொன்னதற்காகவே வீட்டுக் கணினியைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பிரிண்டர், கைரேகைக் கருவி எல்லாமும் மாடலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

விவசாயி வருவார்

மா, தக்காளி, புளி என்று நிலத்தோடு இருக்கிற மாவட்டங்கள். மண் ஈரம் பார்க்கும் உணரியைத் தொட்டியில் குத்தி, ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்து வைத்தால் கட்டாயம் நிற்பார்கள். இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவான உணரியை வைக்காதீர்கள். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து சில வாரங்களிலேயே அரித்துவிடும், விவசாயி அதைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். உலோகம் வெளியே தெரியாத கெப்பாசிட்டிவ் வகையை வையுங்கள். "தோட்டம் வீட்ல இருந்து ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து வருமா?" என்பது அடுத்த கேள்வி. வைஃபை போகாது, நெடுந்தூர ரேடியோ முறையான லோரா போகும். இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டியதில்லை. மோட்டார் ஓட்டிக் காட்டும் ஆசையில் 230 வோல்ட் மின்சுவிட்சான ரிலேயைத் திறந்தபடி மேசையில் வைத்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் கை எட்டும் உயரம் அது. 12 வோல்ட் எல்இடி எரிந்தால் போதும், புரிந்துகொள்வார்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. கட்டற்ற மென்பொருளுக்காக உலகெங்கும் கொண்டாடும் மென்பொருள் விடுதலை நாள் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை. 2026இல் அது 19ஆம் தேதி, புரட்டாசி முதல் சனி. வீட்டில் தளிகை, பெருமாள் கோயில் கூட்டம், பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு நேரம் வேறு. ஞாயிற்றுக்குத் தள்ளிவிடுங்கள், உலகம் கோபித்துக்கொள்ளாது. புரட்டாசியில் பொதுவாகக் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய விளையாட்டை வாசலருகே வைக்காதீர்கள், வந்த பிள்ளைகள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். கடைசி மேசையில் வையுங்கள்.

நிறுவ விரும்புகிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் அடுத்து எங்கே, எந்த நாள், என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நாங்கள் அடுத்து வரும் இரண்டாம் ஞாயிறு காலையில் கூடுகிறோம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். சார்ஜரும் கொண்டுவாருங்கள் என்று தடித்த எழுத்தில் போட்டும் பாதிப் பேர் மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதனால் மூன்று வகை முனை உள்ள சார்ஜர்களை நாங்களே வாங்கி, செங்கல்லோடு சேர்த்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம்.