வாரண்டிக்குள் எஞ்சின் போனால் என்ன செய்வது? நீலகிரி வண்டிக்காரர்களுக்குப் படிப்படியாக

ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த குடும்பக் காரின் எஞ்சின் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓட வேண்டும். அது நாற்பதாயிரத்திலேயே பேரிங் தட்டியோ, ஆயில் குடித்தோ, ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயோ நின்றுவிட்டால் செலவு லட்சக்கணக்கில் வரும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் முடிவாகிவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், ஒர்க்‌ஷாப்பில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், எஞ்சினைப் பிரிக்கும் முன் என்ன பதிவானது, இவைதான் கணக்கு. ஆகவே இந்த விளக்கம் ஸ்பேனரில் தொடங்காமல் பதிவில் தொடங்குகிறது.

படி 1: வண்டியை நிறுத்துங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, சூடு முள் சிவப்பைத் தொட்டாலோ, அடியிலிருந்து ‘டக் டக்’ என்று கனத்த தட்டல் கேட்டாலோ, பத்திரமான ஓரம் கிடைத்தவுடன் எஞ்சினை அணைத்துவிடுங்கள். “பர்லியாறு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்” என்ற நினைப்பு இரண்டு வகையில் கெடுதல். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் சில நிமிடங்களிலேயே பேரிங் உருகி, எஞ்சினின் சுழலும் அச்சான கிராங்கைக் கவ்விவிடும். அதோடு, எச்சரிக்கை விளக்கு எரிந்தபிறகும் ஓட்டினார் என்பது வாரண்டியை மறுக்க முதல் காரணமாகிவிடும்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. இது எல்லா ஊருக்கும் பொருந்தும், ஆனால் இங்கே கூடுதல் காரணம் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பச்சைத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல எஞ்சின்களில் ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 90 டிகிரிக்குள்தான். எனவே கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி, மூடியின் ரப்பரும் தளர்ந்திருந்தால், மேட்டுப்பாளையத்தில் தாக்குப்பிடித்த வண்டி லவ்டேல் ஏற்றத்தில் பொங்கும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் எவ்வளவு, எந்த இடத்தில், எப்போது என்று குறித்து வையுங்கள்.

எஞ்சின் அணைந்த வண்டியை நியூட்ரலில் உருட்டியோ கயிறு கட்டியோ மலை இறக்காதீர்கள். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இருக்காது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டியின் 36 வளைவுகளிலும் அது உயிரோடு விளையாடுவது. வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியைத்தான் கேளுங்கள். வாரண்டியோடும் இன்சூரன்ஸோடும் சாலை உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்கும்போதே “மலைப்பாதை, ஃபிளாட்பெட் வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: நின்ற இடத்திலேயே பதிவு

சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, எரியும் விளக்குகளும் ஓடிய கிலோமீட்டரும் ஒரே படத்தில் வருமாறு டாஷ்போர்டைப் படம் எடுங்கள். பிறகு வண்டியின் அடிப்பக்கம், தரையில் சொட்டு இருந்தால் அது, கூலன்ட் டப்பாவின் அளவு. சமதளத்தில் வண்டி நின்றால் மட்டும் டிப்ஸ்டிக். சரிவில் எடுத்த ஆயில் அளவு தப்பாகக் காட்டும், அந்தப் படம் பின்னால் உங்களுக்கே எதிராகப் போகும்.

பேட்டரி ஒயரைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, சுற்று எவ்வளவு என்பதை ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கோளாறுக் கோடோடு, அதாவது கோளாறு எண்ணோடு, சேர்த்துச் சேமித்திருக்கும். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அது அழிந்துபோகும்.

படி 3: ஜாப் கார்டு

இந்தப் படியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) “எஞ்சின் வேலை” என்றோ “ஜெனரல் செக்கப்” என்றோ எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள்: “ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் விளக்கு எரிந்தது, உடனே அணைக்கப்பட்டது, பிறகு ஸ்டார்ட் செய்யப்படவில்லை. வாரண்டியில் பரிசோதிக்கக் கோருகிறேன்.” தேதி, நேரம், கிலோமீட்டர், வண்டி எப்படி வந்தது என்பதும் இருக்க வேண்டும். நகல் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

அடுத்து அட்வைசர், “பிரிச்சுப் பார்த்தாதாங்க சார் தெரியும், ஓகே சொல்லுங்க” என்பார். அது உண்மைதான், பிரிக்காமல் பேரிங்கைப் பார்க்க முடியாது. ஆனால் ஓகே சொல்லும் முன் நான்கு விஷயம் எழுத்தில் வேண்டும். பிரிக்கும் கூலி எவ்வளவு. வாரண்டி ஏற்கப்பட்டால் அந்தக் கூலி யாருடையது. பிரிக்கும் நாளும் நேரமும், நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ அருகில் இருக்கலாமா. கழற்றிய பாகங்கள் தகராறு தீரும்வரை வெளியே போகாதா. வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வந்தாலும் போதும். பெரிய எஞ்சின் வேலைக்கு வண்டியைக் கோவைக்கு இறக்குவதாக இருந்தால், ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, இறக்கிய இடத்தில் புது ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள்.

படி 4: பிரிக்கும் முன் நடக்க வேண்டிய சோதனைகள்

முதலில் ஸ்கேன். கோடுகளை அழிக்கும் முன் அச்சுப்பிரதி வாங்குங்கள். பி0016 என்றால் கிராங்கும் வால்வுகளை இயக்கும் கேமும் ஒன்றுக்கொன்று நேரம் தவறியிருக்கின்றன, டைமிங் செயின் நீண்டிருக்கலாம். பி0217 அதிகச் சூடு. பி0524 ஆயில் அழுத்தம் குறைவு. பி0300 வரிசை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிதல் தவறுவது. கோடு தீர்ப்பாகாது, எங்கே தேடுவது என்று மட்டும் சொல்லும்.

இரண்டாவது ஆயில். வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு, நடுவில் 200 மில்லி சுத்தமான காய்ந்த பாட்டிலில் பிடியுங்கள். தேதி, வண்டி எண், கிலோமீட்டர் எழுதி ஒட்டி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். பழைய ஃபில்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். மடிப்புகளில் செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளி நிறத்தில் இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் சந்தேகப்படலாம். ஒட்டினால் இரும்பு.

மலையில் அடிக்கடி தவறாகப் படிக்கப்படும் அறிகுறி ஒன்று உண்டு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெள்ளைப் படலம் தெரிந்தவுடன் “ஹெட் கேஸ்கட் போச்சு” என்பார்கள். குளிரில் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் அந்த மூடியில்தான் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் குறையாமலும் இருந்தால் அது வெறும் ஈரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ்கட்டை உறுதி செய்யக் கூலிங் சிஸ்டத்தில் அழுத்தச் சோதனையும், ரேடியேட்டர் வாயில் நீலத் திரவச் சோதனையும் கேளுங்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையிலும் உயரம் குறுக்கே வரும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். நல்ல எஞ்சினே கையேட்டில் உள்ள எண்ணைவிடக் கால் பங்கு வரை குறைவாகக் காட்டும். அந்தக் குறைவை வைத்து “எஞ்சின் தேஞ்சு போச்சு, இது வாரண்டியில வராது” என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் மூன்று ஒரே அளவில் நின்று ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அங்கே கோளாறு. பெட்ரோல் எஞ்சினில் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டரின் உள்சுவர் (போர்), ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். டீசலில் இதைச் செய்யக் கூடாது, ஆயிலே பற்றிக்கொள்ளும்.

பி.எஸ். 6 டீசல் வண்டிக்கு இன்னொரு சோதனை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டியில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் தன் கரியை எரித்து முடிப்பதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். எரிக்கத் தெளித்த டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங் தேயும். டிப்ஸ்டிக்கில் ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேல் ஆயில் நின்றால் அந்த அளவையும் படம் எடுத்து எழுத வையுங்கள். ஆயிலில் எவ்வளவு டீசல் கலந்திருக்கிறது என்பதை ஆய்வகம் சொல்லும்.

எஞ்சின் நிற்கவில்லை, ஆயில் மட்டும் குறைகிறது என்றால் ஆயில் நுகர்வுச் சோதனை: ‘மேக்ஸ்’ வரை நிரப்பி, டிப்ஸ்டிக்கையும் வடிகால் போல்ட்டையும் சீல் வைத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் நிரப்ப எவ்வளவு ஆகிறது என்று அளப்பார்கள். சில கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை இயல்பு என்கின்றன. உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படி 5: காகிதங்கள்

ஆர்.சி., வண்டி வாங்கிய பில், வாரண்டிப் புத்தகம், எக்ஸ்டெண்டட் வாரண்டிச் சான்று, எல்லா சர்வீஸ் பில்களும். பில் தொலைந்திருந்தால் சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்கலாம்.

மலை ஊர்களில் வாரண்டியை அதிகம் கெடுப்பது ஒரே ஒரு வரி: “10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது.” இங்கே ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிகள் ஏராளம். ‘இன்னும் பத்தாயிரம் ஆகலையே’ என்று இருந்துவிடுவார்கள், பதிமூன்றாவது மாதம் வாரண்டி நிபந்தனை மீறப்பட்டிருக்கும். தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் கார் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. அதனால் அதை மட்டுமே நம்பி நிற்காதீர்கள். ஆயிலின் கிரேடும் அளவும் எழுதிய பில் இருந்தால், “இந்த ஆயிலுக்கும் இந்தக் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று காட்டுங்கள்” என்று கேட்க முடியும். பில் போடாத மெக்கானிக்கிடம் இனி பில் கேளுங்கள்.

படி 6: வாரண்டியா, இன்சூரன்ஸா?

வெள்ளத்தில் ஓட்டி எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால், பாறையில் ஆயில் சம்ப் இடித்து ஆயில் வடிந்தால், வாரண்டியில் வராது. சாதாரண மோட்டார் பாலிசியும் தானாக வரும் இயந்திரக் கோளாறையும் பின்விளைவுச் சேதத்தையும் விலக்கியிருக்கிறது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் வழி. மழைக்காலத்தில் மண் சரியும் பாதைகளில் ஓடுபவர்கள் அதை எடுப்பது நல்லது.

இறக்கத்தில் கீழ் கியரில் வருவதால் எஞ்சின் கெடாது, அப்படித்தான் வர வேண்டும். ஆனால் நான்காவதிலிருந்து தவறி முதல் கியர் விழுந்து சுற்று சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வால்வு வளையும். பல வண்டிகளின் ஈ.சி.யூ.வில் அது பதிவாகும். கம்பெனி அதைக் காட்டினால் உங்கள் கோரிக்கை நிற்காது.

படி 7: மறுத்தால்

வாய்வழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், வாரண்டியின் எந்த நிபந்தனை என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதம், மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும்:

“என் வண்டி எண் …, சேசிஸ் எண் …, வாங்கிய தேதி …. … கி.மீ.யில் எஞ்சின் நின்றது. சர்வீஸ் விவரங்கள் இணைப்பில். தங்கள் … தேதி மறுப்பில் கூறிய காரணத்துக்கு ஆதாரமான சோதனை அறிக்கையைத் தரவும். 15 நாளுக்குள் வாரண்டியில் சரிசெய்து தரவும். கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து வைக்கவும்.”

வாரண்டி சில மாதம் முன்பு முடிந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதுங்கள். சர்வீஸ் சுத்தமாக இருந்தால் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்பதுண்டு. ‘குட்வில்’ என்று கேட்டால் புரியும். உங்கள் மாடலில் ரீகால் இருக்கிறதா என்றும் சேசிஸ் எண்ணை வைத்துக் கம்பெனி தளத்தில் பாருங்கள். ஒரே கோளாறு பலருக்கு வந்தால் கம்பெனி இறங்கி வரும். அமெரிக்காவில் ஹூண்டாய் 2015-இல் ஏறத்தாழ 4,70,000 சொனாட்டா கார்களை கிராங்க் கடைசலில் தங்கிய உலோகத் துகளுக்காகத் திரும்ப அழைத்தது; பின்னால் அந்த வகை எஞ்சின்களின் பேரிங் கோளாறுக்கு அங்கே ஆயுள் வாரண்டியே தர வேண்டி வந்தது.

பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் கோவையில், கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் பார்க்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400. 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலரையும் கம்பெனியையும் இரு எதிர்த்தரப்பாகச் சேருங்கள். உற்பத்திக் குறையா என்பது பார்வைக்குத் தெரியாவிட்டால் பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. படி 3-இல் பாகங்களைப் பிடித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். டாக்சியாக ஓடும் வண்டி என்றால், சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுவது என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். இல்லையேல் ‘வணிக நோக்கம்’ என்று தள்ளப் பார்ப்பார்கள்.

படி 8: புது எஞ்சின் கிடைத்தபின்

ஹெட்டை வைத்துக்கொண்டு கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றினார்களா, முழு எஞ்சினா என்று பில்லில் தெளிவாக இருக்க வேண்டும். பேரிங் உருகிய எஞ்சினில் துகள் ஆயில் கூலரிலும் டர்போவிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவினார்களா, மாற்றினார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் புது பேரிங்கையும் அது தின்னும். முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் மாற்றித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் எண் மாறியிருந்தால் ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் மாற்றிக்கொண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.