எட்டாம் வகுப்பு சிரிக்கும்போது என்ன செய்வது? பி.எட். இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு

லெசன் பிளான் முடிந்ததா, சார்ட் ரெடியா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் உங்களைப் போலவே பேசிக் காட்ட, மொத்த வகுப்பும் சிரிக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது இரண்டாம் நாளே நடந்தது. கத்தினேன். ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் முன்பைவிடச் சத்தம்.

மாலையில் யோசித்தபோதுதான் தெரிந்தது, அது கோபமே இல்லை. பின்னால் உட்கார்ந்து அப்சர்வேஷன் எழுதிக்கொண்டிருந்த கைடு டீச்சர் என்ன நினைப்பாரோ என்ற பயம். அதனால் முதலில், வருவது என்ன என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பழகுங்கள். பயமா, அவமானமா, வெறும் பசியா? (காலை பஸ்ஸுக்காகச் சாப்பிடாமல் ஓடிவந்தால் மூன்றாம் பீரியடில் எல்லாம் கோபமாகத்தான் வரும்.) கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது என்று உளவியலாளர் மாத்யூ லீபர்மனின் குழு 2007இல் காட்டியது. படத்துக்கும் எட்டாம் வகுப்புக்கும் தூரம் அதிகம்தான், ஆனாலும் எனக்கு உதவியது.

வகுப்பில் செய்ய வேண்டியது இதுதான்: பேச்சை நிறுத்திவிட்டு போர்டு பக்கம் திரும்பி எதையாவது மெதுவாக எழுதுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், பிறகு அந்த பெஞ்சுக்கு அருகே போய் நின்று, குரலைத் தாழ்த்தி அங்கிருந்தே பாடத்தைத் தொடருங்கள். "யாருடா அது?" என்று கேட்கவே வேண்டாம், யாரும் சொல்லப் போவதில்லை. பெல் அடித்த பிறகு அவனைத் தனியாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள்; அதற்கு முதல் இரண்டு நாளிலேயே யார் எங்கே உட்கார்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்க வேண்டும். கை ஓங்குவதும் மனம் நோகத் திட்டுவதும் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது. மூத்த ஆசிரியர் ஒருவர் "ரெண்டு போடுங்க, அடங்கிடுவான்" என்பார். சிரித்துவிட்டு நகருங்கள்.

பி.எட். படிப்பு இரண்டு ஆண்டானதிலிருந்து இன்டர்ன்ஷிப் பள்ளியில் மொத்தம் 20 வாரம், அதில் 16 இரண்டாம் ஆண்டில். இத்தனை நாளும் இரவு ஒரு மணி வரை ரெக்கார்டு எழுதிவிட்டு மறுநாள் பொறுமையாக இருக்க முடியாது. அன்றைய ரெக்கார்டை ஃப்ரீ பீரியடிலேயே முடியுங்கள். அந்த பீரியடிலும் வேறு வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒருநாள் போங்கள், தினமும் என்றால் எச்.எம்.மிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கல்லூரிக்குக் கொடுக்கும் டைரியில் மார்க் இருப்பதால் யாரும் உண்மை எழுதுவதில்லை. உங்களுக்கென்று தனி நோட்டு வையுங்கள், நாளுக்கு ஒரு வரி: எந்த பீரியட், என்ன வந்தது, என்ன செய்தேன். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், பள்ளிக்கூடம் என்றாலே அழுகை வந்தால் நோட்டு போதாது. 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.