டிரம்மை ஆட்டினால் மட்டும் குலுக்கல் ஆகிவிடாது

காணும் பொங்கல் அன்று எங்கள் குடியாத்தம் பக்கம் கோலப் போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்ததும் கடைசியில் குலுக்கல் வைப்பார்கள். இந்த வருஷம் பக்கத்துத் தெருப் பையன்கள் நடத்தியதை ஓரமாக நின்று பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்பு நான் செய்த தப்புகளை அச்சு அசலாகச் செய்தார்கள். கூப்பனில் பேர் விட்டுப்போவது, மைக் கரகரப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை ஆகாது.

டிக்கெட் விற்பது

விற்காதீர்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. கூப்பன் இலவசமாகவே இருக்கட்டும், அம்மன் பேரைச் சொல்லிக்கூட காசு வாங்க வேண்டாம்.

கலக்காமல் எடுப்பது

என் காசைத் தின்ற தப்பு இதுதான். நான்கு தெரு, தெருவுக்கு நூறு கூப்பன். வரவரத் தண்ணீர் டிரம்மில் கொட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் தெருக் கூப்பன்தான் கடைசியாக வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாலு ஆட்டு ஆட்டினோம். ஒன்றாம் வகுப்புப் பாப்பாவை நாற்காலிமேல் ஏற்றி எடுக்கச் சொன்னோம். ஐந்து பரிசில் நான்கு எங்கள் தெருவுக்கே விழுந்தது. முதல் பரிசு கிரைண்டர், என் சித்திக்கு.

"இன்னாப்பா, சித்திக்கே எடுத்துக் குட்த்துட்ட?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல்.

மறுநாள் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான்காக மடித்த தாள் உருளாது. ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு அடை மாதிரி படிந்துவிடும். ஆட்டினால் அந்த அடை அப்படியே சேர்ந்து ஆடும், பிரியாது. பாப்பாவின் கையோ மேல் ஒரு சாண் தாண்டிப் போகாது. முதலில் வந்த கீழ்த்தெருக் கூப்பன்கள் அடியில் கொட்டினபடியே கிடந்தன.

நன்றாகக் கலந்திருந்தாலும் எங்கள் தெருவுக்கு நான்கோ ஐந்தோ விழ ஏறக்குறைய 64-ல் ஒரு வாய்ப்பு உண்டு. நடக்காத காரியம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் மேடையில் நின்று யாரிடம் கணக்குப் போட்டுக் காட்டுவது? சித்தியிடம் கேட்டுப் பார்த்தேன். "விழுந்தது விழுந்ததுதான்" என்றுவிட்டாள். மற்ற மூன்று தெருவுக்கும் மூன்று மிக்சி என் சொந்தக் காசில் போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

அமெரிக்காக்காரனும் இதில் வழுக்கியிருக்கிறான். 1969 டிசம்பர் 1-ம் தேதி, ராணுவத்துக்கு ஆள் எடுக்க 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்துக் குலுக்கினார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். குப்பிகளை மாத வரிசையில் சேர்த்துவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிக்காரர்களுக்கு அழைப்பு போனது. சீராகக் கலந்திருந்தால் பதினாறு, பதினேழு தேதிதான் சிக்கியிருக்கும். என் கதையில் மூன்று மிக்சியோடு போயிற்று.

இதற்கு வழி உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறது. பராந்தக சோழன் காலம், 921-ம் ஆண்டு. குடவோலையை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அதில் இரண்டாவதாக ஒரு குடம் வருவதை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் முதல் குடத்திலிருந்து ஓலைக்கட்டு ஒன்றை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் கலைத்து, அதிலிருந்துதான் ஓலை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். எத்தனை பேர் விரலிடுக்கில் ஓலை வைத்திருந்தால் இப்படி ஒரு விதி எழுதியிருப்பார்கள்!

இப்போது நானும் இரண்டு டிரம் வைக்கிறேன். கூப்பனை மடிக்காமல் சுருட்டச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூன்று தடவை கொட்டி, ஒவ்வொரு தடவையும் புளிசாதம் கிளறுகிற மாதிரி அடியிலிருந்து கையை விட்டுப் புரட்ட வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும்.

ராசி நம்பர் மாற்றிக் கொடுப்பது

எட்டு வேண்டாம் என்று ஒருவர் வருவார். மாற்றிக் கொடுத்தால் பின்னாலேயே இருபது பேர் வருவார்கள்.

விதியைப் பின்னால் சொல்வது

நான்கு தெருவுக்கு ஐந்து பரிசு என்றால் எப்படிக் கலந்தாலும் ஏதோ ஒரு தெருவுக்கு இரண்டு விழுந்தே தீரும். இதை எடுப்பதற்கு முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள். விழுந்த பிறகு சொன்னால் சமாளிப்பு என்பார்கள். பேர் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிடுவோம், வராவிட்டால் அடுத்த கூப்பன் என்பது என் வழக்கம். பையன்கள் இந்த வருஷம் சொல்லவில்லை. ஒரு டேபிள் ஃபேன் இன்னும் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் அது தங்களுடையது என்கிறார்கள்.