முதலில் மேல் பிளக்: டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பழைய ஜீப்புக்கு அடியில் படுத்துப் பின்பக்க டிஃபரன்ஷியலின் (இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் உருண்டை) டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை இறக்கும் அடி மூடியைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாக இறங்கி முடிந்தது. புதியதை ஊற்றலாம் என்று மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கில் ஸ்பேனரைப் போட்டால் அசையவே இல்லை. கைப்பிடியில் பைப்பை மாட்டி ஒரு தம் கட்டினேன், பிளக்கின் தலை உருண்டுவிட்டது. உள்ளே சொட்டு ஆயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. மறுநாள் மெக்கானிக் வீட்டுக்கே வந்து, உளியைச் சாய்த்து வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினார். “மேல கழட்டிட்டுத்தான் கீழ தொடணும் சார்” என்றார். காசை விட அந்தச் சிரிப்புதான் வலித்தது.

அதனால் முதல் தவறு இதுதான்: ஃபில்லர் பிளக் கழலுமா என்று பார்க்காமல் டிரெயின் பிளக்கில் கை வைப்பது. மேலே கழலவில்லை என்றால் பழைய ஆயிலோடேயே மெக்கானிக்கிடம் ஓட்டிப் போய்விடலாம். மேலே திறந்திருந்தால் காற்றும் உள்ளே போகும், ஆயில் சீக்கிரம் இறங்கும்.

காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில் இந்த பிளக்குகள் சேற்றிலும் கல்லடியிலும் கிடப்பவை. முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எல் கீ போடும் குழி வைத்த பிளக் என்றால் குழிக்குள் காய்ந்த மண்ணை ஆணியால் சுரண்டி எடுக்க வேண்டும். மண் இருக்கும்போது கீ முழுதாக உள்ளே இறங்காது, பாதியில் நின்று குழியை வழித்துவிடும். ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். சரியான அளவில் ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான். துரு விடும் ஸ்பிரேயை முந்தைய நாள் இரவே அடித்து ஊறவிட்டு, காலையில் சுத்தியலால் பிளக்கின் தலையில் நாலு தட்டு தட்டினால் பெரும்பாலும் இளகிவிடும்.

எந்த பிளக் என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு அடியில் கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு இடங்களில் ஆயில் இருக்கிறது. டிஃபரன்ஷியலை இறக்குகிறேன் என்று கியர்பாக்ஸைக் காலி செய்தவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் ஓடும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் தேங்காய் மாதிரி உருண்டு நிற்பது பின் டிஃபரன்ஷியல். முன்னால் இருப்பது பல வண்டிகளில் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும்.

அடுத்தது ஆயில். கடையில் போய் “90 ஆயில் ஒரு லிட்டர்” என்று கேட்டு வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். 90 என்பது கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். அதுவும் கியர் ஆயிலுக்கான தனிக் கணக்கு. கெட்டித்தன்மையில் இது கிட்டத்தட்ட 40, 50 எண் இன்ஜின் ஆயிலுக்குச் சமம். டிஃபரன்ஷியலுக்கு அதைவிட முக்கியம் ஜிஎல் எண், அதாவது கியர் ஆயிலின் தரத்தைச் சொல்லும் எண். உள்ளே பினியன் என்ற சின்ன கியர், அது சுழற்றும் பெரிய கிரவுன் வீலின் மையக்கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி உட்கார்ந்திருக்கும். இதற்கு ஹைப்பாய்டு அமைப்பு என்று பெயர். அதனால் பல்லோடு பல் உருள்வது மட்டுமல்ல, பெரும் அழுத்தத்தில் சறுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் ஆயில் படலம் கிழிந்துபோகும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானங்கள்தான் பல்லின் மேல் ஒரு காப்பை உண்டாக்குகின்றன. ஜிஎல்-5 ஆயிலில் அவை ஜிஎல்-4 ஐ விடக் கூடுதல். கியர் ஆயிலுக்கே உரிய அந்த நாற்றமும் கந்தகத்தால் வருவதுதான் (அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு துவைக்கப் போட்டால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை).

“ஜிஎல்-5 உசத்தி, அப்போ எல்லாத்துக்கும் அதையே ஊற்றிடலாம்” என்பது இதன் மறுபக்கத் தவறு. பல மேனுவல் கியர்பாக்ஸ்களில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும், பித்தளை போன்ற உலோகத்தில் செய்த சிங்க்ரனைசர் வளையங்கள் உண்டு. ஜிஎல்-5 இன் கூடுதல் சேர்மானம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அங்கே ஜிஎல்-4 என்று கம்பெனி சொன்னால் ஜிஎல்-4 தான். சில டிரான்ஸ்பர் கேஸ்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில் ஓடுபவை. கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலாக (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் வகை) இருந்தால் அதற்கென்று தனிச் சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது கடகடவென்று உதறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 இவற்றில் எது, எத்தனை லிட்டர் என்று முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். புத்தகம் தொலைந்திருந்தால் இணையத்தில் உங்கள் மாடல், வருடம் போட்டுத் தேடுங்கள். கடைக்காரரின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ரோட்டில் மட்டும் ஓடும் வண்டிக்கும் நம் வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தண்ணீர். மேடு ஏறி இறங்கி டிஃபரன்ஷியல் நன்றாகச் சூடாகியிருக்கும். அப்படியே ஓடைக்குள் இறங்கினால் ஹவுசிங் என்ற வெளிக்கூடு சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். இழுப்பதற்கு ஆக்சில் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்று ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரே உள்ளே போகும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். அடைத்த பிரீதர் மற்ற நாளிலும் தொல்லைதான்: சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். சீலை மாற்றி மாற்றிக் கசிவு நிற்காத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆயில் மாற்றும் அன்றைக்கே பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் மாட்டி அதன் வாயை இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது சின்ன வேலை. மஹிந்திரா தார் வண்டியில் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை இறங்கலாம் என்கிறது கம்பெனி. பிரீதர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பி இறங்குவதில் அர்த்தமில்லை.

தண்ணீர் கலந்த ஆயில் பால் காபி நிறத்தில் வரும். அப்படி வந்தால் புது ஆயிலை ஊற்றி வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். மூலை முடுக்கில் ஒட்டியிருப்பது புதியதையும் கெடுக்கும். அதே தரத்தில் விலை குறைந்த ஆயிலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, இறக்கிவிட்டு, பிறகு நல்லதை ஊற்றுவது உசிதம். ஆழமான தண்ணீரில் இறங்கிய வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கு செல்லாது, வீடு திரும்பியதும் பார்த்துவிட வேண்டும். ஆயில் இறக்கும் முன் 10, 15 கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குவதுதான் வழக்கம். ஆனால் தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில் காலையில் டிரெயின் பிளக்கை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். அடியில் தேங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் போடும் முன் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விபூதியைக் குழைத்தது போல வழவழவென்று சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை, அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் செதில்களோ பல் துண்டோ வந்தால் ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

அளவு பார்ப்பதில் ஏமாற்றுவது தரை. நம் வீட்டுப் போர்ச்கள் மழைத்தண்ணீர் வடியட்டும் என்று சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். வண்டி சாய்ந்து நின்றால், ஃபில்லர் துளை வரை ஆயில் வந்ததாகத் தோன்றும், உள்ளே குறைவாக இருக்கும். அல்லது கூடுதலாக ஏறிவிடும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து லேசாக வழிவதுதான் அளவு, சுண்டுவிரலை விட்டால் நுனியில் படும். “இருக்கட்டும், இன்னும் அரை லிட்டர்” என்று ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. கூடுதல் ஆயில் கடைபட்டு நுரைக்கும், சூடேறும், ஆக்சில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும். பிரேக் ஷூவில் கியர் ஆயில் பட்டால் என்ன ஆகும் என்பதை இறக்கத்தில்தான் தெரிந்துகொள்வோம்.

உயரமான வண்டிகளைத் தூக்கவே தேவையில்லை, அட்டையை விரித்துப் படுத்தால் கை எட்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்துச் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது, செங்கல்லை முட்டுக் கொடுப்பது இரண்டும் கூடாது. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடித்து நிற்காது என்பதையும் மறக்கக் கூடாது.

ஊற்றுவதற்கு ஒரு கைப்பம்பு இருந்தால் போதும். இல்லையென்றால் சக்கரத்துக்கு மேலிருந்து ஹோஸும் புனலும். கேனை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் ஆயில் இளகும். மூடும்போது பழைய காப்பர் வாஷரையே போடாமல் புதிது போடுங்கள். பழைய ஜீப்புகளில் வாஷரே இல்லாத, கூம்பு மரை பிளக்குகளும் உண்டு. அதைப் பைப் மாட்டி இறுக்கினால் வார்ப்பு ஹவுசிங்கே விரிசல் விடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், கரையானுக்கு என்று மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். அன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டையில் பொட்டு இருந்தால் எந்த பிளக் என்று தெரிந்துவிடும்.