பியட் கூப்பே கெத்தா, இல்லையா: ஒரு டிங்கர்காரன் பார்க்கிற விதம்

திருகோணமலை பாலையூற்றில் என்ர பட்டறைச் சுவரில் மஞ்சள் நிற பியட் கூப்பே ஒன்றின், அதாவது இத்தாலிக்காரரின் இரண்டு கதவு ஸ்போட்ஸ் கார் ஒன்றின், படம் மாட்டியிருக்கிறேன். கார் திருத்த வந்து காத்திருக்கிற ஆட்கள் அதைப் பார்த்து இரண்டு கட்சியாகப் பிரிவது வழமை. "சோக்கான சாமான்" என்று ஒரு ஆள் சொல்ல, "ஆரோ உடைச்சுப்போட்டு அரைகுறையா ஒட்டின மாதிரிக் கிடக்கு" என்பார் மற்றவர். இரண்டு பேரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத்தான் சண்டை பிடிக்கிறார்கள். சிசிலியில், பலெர்மோவில் வேலை செய்த காலத்தில் இந்தக் கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்தினவன் நான். எப்படிப் பார்த்துத் தீர்க்க வேணும் என்று சொல்லுகிறேன், பிறகு உங்கட பாடு.

முதலில் பெயரை விடுங்கள். எங்கட பக்கத்தில் பியட் என்றால் வயதானவர்களுக்கு அந்தப் பழைய 1100தான் கண்ணுக்குள் நிற்கும். அதை வைத்து இதை எடைபோட முடியாது. பினின்பாரினா என்ற பெயரைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். பெராரிக்கு உடல் வரைந்த அதே கொம்பனிதான் இந்தக் காரைக் கட்டியது, உள்பக்கத்தையும் வரைந்தது. வெளிப்புறம் அவர்களுடையது அல்ல. அது பியட்டின் சொந்த வடிவமைப்புக் கூடத்தில் கிறிஸ் பேங்கிள் என்ற அமெரிக்கர் போட்ட கோடு. 1993 கடைசியில் கார் வெளியே வந்தபோது மனிசன் பிஎம்டபிள்யூவுக்குப் போயிருந்தார். அங்கேயும் 2001இல் வந்த 7 சீரிஸின் டிக்கிக்காக நல்லாக வாங்கிக் கட்டினார்.

எண்களையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1996இல் வந்த ஐந்து சிலிண்டர், 20 வால்வு டேர்போவுக்கு 220 குதிரை வலு. 6.5 செக்கனில் நூறைத் தொடும், மணிக்கு 250 கிலோமீற்றர் வரை போகும். எல்லாம் சரி. இங்கே அதிவேகப் பாதையிலேயே 100தான். கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிற றோட்டில் 70, அதுவும் யானை மறிக்காவிட்டால். நீங்கள் ஒருநாளும் ஓடப்போகாத வேகத்தை வைத்துக் கெத்து அளக்கிறது வீண்வேலை.

இனிக் கண்ணுக்குப் பயிற்சி. பின்னேரம் உட்துறைமுக வீதிக்குப் போங்கள். வெயில் சரிந்து தண்ணிப் பக்கமிருந்து வரும் நேரம் நல்லது. நிற்பாட்டியிருக்கிற ஏதாவது கொரொல்லாவின் பின் மட்கார்டுக்குக் கிட்டப்போய், முழங்காலை மடித்து இருந்து, தகட்டோடு ஒட்டின மாதிரி நீளத்துக்குப் பாருங்கள். எதிரில் இருக்கிற மதிலோ வானமோ தகட்டில் ஒரு கோடாக விழும். தலையை மெல்ல அசைத்தால் அந்தக் கோடு கதவில் இருந்து டிக்கிவரை வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கே நெளியுதோ அங்கே அடிபட்டிருக்கு, இல்லாவிட்டால் பட்டி தடவியிருக்கு. நாங்கள் கார் வாங்கப் போகிறவர்களுக்குப் பார்த்துக் கொடுக்கிறதும் இதைத்தான். கார்க்காரர் வந்து முறைத்தால் "தம்பி, பெயின்ட் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள்.

இந்தக் கண்ணோடு கூப்பேயைப் பாருங்கள். லண்டன், பாரிஸ் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் நேரில் பார்க்கிறதுதான் நல்லது. இல்லையென்றால் பக்கவாட்டில், தாழ எடுத்த படம் ஒன்று தேடி எடுங்கள். சில்லுக்கு மேலே மட்கார்ட் வட்டமாக வளைய வேணும், அதுதான் ஊர் வழக்கம். இதில் அந்த வட்டத்தின் தலையைச் சாய்வாக ஒரு வெட்டு கடந்து போகுது. முன் சில்லுக்கும் அப்படி, பின் சில்லுக்கும் அப்படி. நீங்கள் பழகின அந்த ஓடும் கோடு அங்கே வந்து முறியும். வேண்டுமென்றே முறித்திருக்கிறார்கள்.

டிங்கர்காரனுக்கு இந்த வெட்டு ஒரு தலையிடி. சாதாரண மட்கார்ட் நசுங்கினால் உள்ளே டொலி என்கிற இரும்புக் கட்டையை வைத்து, வெளியே தட்டி, பட்டி பூசி, கட்டையில் தாள் சுற்றித் தேய்த்தால் வளைவு திரும்பி வரும். இந்த வெட்டின் விளிம்பு கூராக நிற்க வேணும். கொஞ்சம் கூடத் தேய்த்தால் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிப்போகும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவராது. விளிம்புக்கு டேப் ஒட்டி, ஒரு பக்கத்தை முடித்து, டேப்பைக் கழற்றி மற்றப் பக்கம் மாற்றி ஒட்டி, பிறகு கையை வைத்துத் தடவிப் பார்க்க வேணும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. பலெர்மோவில் எங்கட முதலாளி இந்தக் கார் வாசலுக்கு வந்தாலே கும்பிட்டுவிட்டுத்தான் விலை சொல்லுவார்.

இனிப் பெருவிரல் சோதனை. படத்தில் அந்த வெட்டை விரலால் மறையுங்கள். மிச்சமிருக்கிறது சும்மா ஒரு இரண்டு கதவுக் கார். விரலை எடுத்துவிட்டு முன் லைட்டை மறையுங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் இரட்டைக் குமிழாகப் புடைத்து நிற்குமே, அது. திரும்பவும் கார் செத்துப்போகும். மூடி போட்டு ஒளிக்காமல் வெளியே மின்னுகிற அலுமினியப் பெற்றோல் மூடியையும், பின்னுக்கு இருக்கிற நாலு வட்ட லைட்டையும் ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தாலும் ஒரு குறை தெரியும். அதே காலத்து ஓப்பல் கலிப்ராவில் இதைச் செய்து பாருங்கள். எதை மறைத்தாலும் வடிவாகவே கிடக்கும். கலிப்ரா வடிவான கார்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வரைந்தவர் ஆரோடும் சண்டைக்குப் போகவில்லை. கூப்பேயை வரைந்தவர் போயிருக்கிறார், பியட்டும் காசைப் போட்டு அதை அச்சில் ஏற்றியிருக்கு. என்ர கணக்கில் கெத்து என்றால் அதுதான்.

எதிர்க்கட்சிக்காரர் கடைசியில் எடுக்கிற ஆயுதம் ஒன்று இருக்கு: "அடியில கிடக்கிறது பியட் டீப்போ என்ற சாதாரணக் குடும்பக் காரின்ர தளம்தானே, முன் சில்லு இழுக்கிற கார் என்ன ஸ்போட்ஸ் கார்?" உண்மை, ஒத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பின் சீட்டில் ஆட்கள் இருக்க முடியுது, டிக்கியில் சாமான் போகுது. டேர்போவுக்கு முன் சில்லு இரண்டும் வீணாகச் சுழலாமல் இருக்க விஸ்கோ டிவரென்ஷியல் போட்டிருக்கிறார்கள். வாதம் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

வைத்திருக்கிறவர்களின் பாடு வேறு. ஐந்து சிலிண்டர் டேர்போவில் டைமிங் பெல்ட் மாற்றப் பெரும்பாலும் எஞ்சினை இறக்க வேணும். புகைபோகிற மனிபோல்ட் வெடிக்கும். முன் லைட் பிளாஸ்டிக் மங்கும். உப்புக்காற்று அடிக்கிற உவர்மலை வீட்டு வாசலில் இதை நிற்பாட்டி வைக்க நான் சொல்லமாட்டேன். எப்படியும் இத்தனை வயசான காரை இறக்குமதி செய்ய இங்கே விடமாட்டார்கள், ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

நிறத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. கதவைத் திறந்தால் டாஷ்போர்ட்டின் குறுக்கே ஒரு தகட்டுப் பட்டை ஓடும், பினின்பாரினா பெயர் எழுதின பட்டை. அதற்கு வெளி உடம்பின் அதே நிறம். சில்வர் காரில் அது கந்தோர் அலுமாரி, மஞ்சளில் வந்தால் உள்பக்கமே எழும்பி நிற்கும். வெளிநாட்டில் ஆரும் வாங்கப் போனால் முதலில் அந்தப் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே ஒரு நிறம், பட்டை வேறு நிறம் என்றால் கார் முழுக்கத் திருப்பிப் பெயின்ட் அடித்தது. ஏன் அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு, அந்தச் சில்லு வெட்டு நாலையும் விரலால் தடவிப் பார்த்த பிறகு விலை பேசட்டும்.